ஹீலர் குட்டி குழந்தையின் குதிகாலைக் கவ்வுகிறது: எப்படி நிறுத்துவது?

எள்ளுவின் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிட்னியின் மேற்குப் பகுதியில், பரமட்டாவுக்கு அருகே வசிக்கிறோம். ஒரு மாதத்திற்கு முன்பு, பிறந்து 8 வாரம் நிறைந்த ஓர் ஆண் நாய்க்குட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்தோம். ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் என்பது இனத்தின் பெயர். இங்கே எல்லோரும் ‘புளூ ஹீலர்’ என்றே சொல்கிறார்கள். சாம்பல் கலந்த நீல உடம்பில் எள்ளை அள்ளித் தூவியது போலப் புள்ளிகள் இருப்பதால் என் மகள் அவனுக்கு ‘எள்ளு’ என்று பெயர் வைத்துவிட்டாள். குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் நீல நாய்க்குடும்பத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டதற்காகவே இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும், அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அதற்குரிய திட்டை மனைவியிடம் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

சிக்கல் இதுதான். மகளுக்கு வயது 6. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் நீண்ட நடையில் அவள் ஓடத் தொடங்கினால், எள்ளு குரைப்பதில்லை, உறுமுவதில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் போய், குதிகாலுக்குச் சற்று மேலே வெடுக்கென்று ஒரு கவ்வு கவ்விவிட்டு, உடனே தரையோடு தரையாகப் பதுங்கிவிடுகிறான். அவள் வீறிட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுகிறாள். அவன் அடுத்த காலுக்குப் போகிறான். ஓட்டை விழாத காலுறை ஒரு ஜோடிகூட வீட்டில் மிச்சமில்லை. சென்ற சனிக்கிழமை முதல் முறையாக இரத்தம் வந்தது, ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள்.

இதற்கிடையில் திருநெல்வேலியிலிருந்து என் அம்மா மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். அவர் எப்போதும் சேலைதான் உடுத்துவார். நடக்கும்போது ஆடும் கொசுவத்தைக் கண்டால் எள்ளுவுக்கு இருப்புக் கொள்வதில்லை. கரையைப் பல்லால் பற்றிக்கொண்டு பின்னோக்கி இழுக்கிறான். அம்மா “சூ, போ” என்று முந்தானையை வீசி விரட்டினால், அவன் அதையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறான். 70 வயதில் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்பதுதான் என்னுடைய பெரிய பயம்.

காணொளிகளில் சொல்வது போல, கடிபட்டவுடன் இன்னொரு குட்டியைப் போல ‘வீல்’ என்று கத்திப் பார்த்தோம். அவனுடைய கண் பளபளத்து வேகம் கூடியதுதான் மிச்சம். உரத்த குரலில் “நோ” என்றால் எதிர்த்துக் குரைக்கிறான். களைத்துப் போனால் அடங்குவான் என்று எண்ணி மாலையில் ஒரு மணி நேரம் தோட்டத்தில் பந்து எறிந்தேன். அன்று இரவு 7 மணிக்கு அவன் ஆடிய ஆட்டத்தைப் போல அதற்கு முன் ஆடியதே இல்லை. பொதுவாகவே மாலை 6 முதல் 8 வரைதான் மிக மோசமான நேரம். பகலில் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருப்பதால் அவன் துண்டு துண்டாகத்தான் தூங்குகிறான்.

இது கோபத்தில் கடிக்கும் கடியா, விளையாட்டா? வளர வளரத் தானாகப் போய்விடுமா? திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனைவி சொல்லத் தொடங்கியிருக்கிறார். மகளோ அதைக் கேட்டாலே அழுகிறாள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


டப்போ மாட்டுக்காரன் எழுதியது:

தம்பி, நான் டப்போ பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் வீட்டு நடையில் நடப்பதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் பண்ணையில் ஒரு நாய் செய்ய வேண்டிய வேலையை, எவரும் சொல்லிக்கொடுக்காமல், 12 வாரக் குட்டியாக உங்கள் எள்ளு பிழையின்றிச் செய்துகொண்டிருக்கிறான்.

‘ஹீலர்’ என்ற பெயரே குதிகாலைக் கவ்வுவதால் வந்தது. 1840களில் ஹண்டர் பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் பண்ணை வைத்திருந்த தாமஸ் ஹால் என்பவர், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்திலிருந்து வரவழைத்த மாடோட்டும் நாய்களையும் பழக்கிய டிங்கோக்களையும் (இந்த நாட்டுக் காட்டு நாய்கள்) சேர்த்து உருவாக்கிய நாய்களே இவற்றின் முன்னோர். வேலியே காணாமல் காட்டில் வளர்ந்த மாடுகளை வெகுதூரம் நடத்திச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓயாமல் குரைக்கும் நாய் அந்த மந்தையை மிரட்டிச் சிதறடித்துவிடும் என்பதால், வாய் திறக்காமல் பின்னால் போய்க் கவ்வும் நாயே வேண்டியதாக இருந்தது. எள்ளு குரைக்காமல் வருவது அந்தக் கணக்குதான்.

கவ்வும் முறையையும் கவனியுங்கள். மாட்டின் எந்தப் பின்னங்கால் தரையில் ஊன்றி எடையைத் தாங்குகிறதோ, அந்தக் காலைத்தான் நல்ல ஹீலர் கவ்வும். ஊன்றிய காலால் அந்தக் கணமே உதைக்க முடியாது. எடை மறு காலுக்கு மாறி உதை புறப்படுவதற்குள் நாய் வயிறு தரையில் படுமளவு பதுங்கியிருக்கும். குளம்பு அதன் தலைக்கு மேலே காற்றில் போகும். உங்கள் மகளின் காலைக் கவ்விவிட்டு அவன் பதுங்குவது குற்ற உணர்ச்சியினால் அல்ல. அவள் உதைப்பாள் என்று அவனுடைய பரம்பரை எதிர்பார்க்கிறது.

எனவே இது கோபம் அல்ல. ஆனால் வளர வளரத் தானாகப் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். மாட்டுக்குப் பின்னால் நாய் ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால், கவ்வியவுடன் மாடு நகர்கிறது, அதுவே அதற்குக் கூலி. ரொட்டித்துண்டு எதுவும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் மகள் வீறிட்டு ஓடுவதும், அம்மா சேலையை உதறுவதும் அதே கூலி. ஒரு நாளைக்கு இருபது தடவை ஒழுங்காகக் கூலி வாங்கும் வேலைக்காரன் ஏன் வேலையை விடுவான்? கூலியை நிறுத்துவதுதான் முதல் காரியம். அது எப்படி என்பதை வீட்டுக்குள் நாய் வளர்ப்பவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

பண்ணையிலேயே கூட, இளம் நாயை மாட்டிடம் விடும் முன் ‘நில்’, ‘வா’ இரண்டும் அதற்கு உறைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். (என் தாத்தா இராமநாதபுரம் பக்கம் ஆட்டுக்கிடை போட்டவர். அவரிடமிருந்த நாய்கள் இரவில் கிடையைச் சுற்றிக் காவல் காத்தன. ஆட்டை ஓட்டியது தாத்தாவின் குரலும் தொரட்டியும்தான். ஆட்டின் காலைத் தொட்ட நாயை அவர் பட்டியில் வைத்திருக்க மாட்டார். இங்கே வந்து மாட்டின் காலைக் கவ்வுவதற்கென்றே நாய் வளர்ப்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு வாரம் புரியவில்லை.)


மெல்பர்ன் செவிலி எழுதியது:

மாட்டுக்கார அண்ணன் காரணத்தைச் சொல்லிவிட்டார். நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணியாற்றுகிறேன்; என் வீட்டிலும் இதே இனத்தில் சிவப்பு நிறப் பெண் நாய் ஒன்று, 9 வயதில், இப்போது கெண்டைக்கால் எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் படுத்திருக்கிறது. ஆகவே நம்பிக்கையோடு தொடங்குங்கள்.

முதலில் தூக்கம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உறுத்தியது கடியல்ல, அவன் துண்டு துண்டாகத் தூங்குகிறான் என்ற வரிதான். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் ஏறத்தாழ 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட கைக்குழந்தை மாலையில் எப்படிச் சிணுங்குமோ, அப்படித்தான் தூக்கம் கெட்ட ஹீலர் குட்டி கவ்வும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த ஒன்றரை, இரண்டு மணி நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத அறையில், போர்வை போட்டு மூடிய கூண்டிலோ தடுப்புக்குள்ளோ படுக்க வையுங்கள். ஒரு மணி நேரம் பந்து எறிவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது அவனைக் களைப்பாக்கவில்லை, விரட்டும் வெறியை ஏற்றிவிட்டிருக்கிறது, வளரும் மூட்டுகளுக்கும் அது நல்லதல்ல. மாலை 5 மணிக்கு ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்தாலே 7 மணி ஆட்டத்தில் பாதி குறைவதைப் பார்ப்பீர்கள்.

அடுத்து, அவன் தவறு செய்யும் வாய்ப்பையே குறைப்பது. அந்த நீண்ட நடையின் இரு முனையிலும் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவை மாட்டுங்கள். மகள் ஓடியாடும் நேரத்தில் அவன் தடுப்புக்கு அப்பால், மெல்லுவதற்கு ஏதாவது ஒன்றோடு இருக்கட்டும். இருவரும் ஒரே அறையில் இருக்கும்போது கழுத்துப்பட்டையில் இரண்டு மீட்டர் இலேசான கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாயப் போகிறான் என்று தெரிந்தால் கயிற்றை மிதித்தால் போதும், கையால் பிடிக்கப் போய் அதையும் துரத்தல் விளையாட்டாக்க வேண்டியதில்லை. பெரியவர் கண் இல்லாத நேரத்தில் கயிறு உடம்பில் இருக்கக்கூடாது. எதிலாவது சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும்.

பல் பட்டால் என்ன செய்வது? கத்துவதும் இல்லை, திட்டுவதும் இல்லை. பல் பட்ட அந்தக் கணமே அசையாமல் நின்றுவிட்டு, பேசாமல் தடுப்புக்கு அப்பால் போய்விடுங்கள். 20, 30 விநாடி கழித்துத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தொடருங்கள். நீண்ட தண்டனை எதற்கும் உதவாது. இரண்டு நிமிடம் கழிந்தால் எதற்காக ஆள் போனார் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். ஒரு மாலையில் இதைப் பத்து முறை செய்ய நேரலாம். மூன்றாம் நான்காம் நாளில் கடி கூடுவது போலத் தோன்றும்; நேற்று வரை கிடைத்த கூலி ஏன் இன்று வரவில்லை என்று அவன் இன்னும் அழுத்திக் கேட்கும் கட்டம் அது. பெரும்பாலானோர் கைவிடுவது அங்கேதான். அப்போது ஒரே ஒருவர் சிரித்து ஓடிக்காட்டினாலும், இன்னும் பலமாகக் கேட்டால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். எனவே நீங்கள், மனைவி, பாட்டி, மகள் நால்வரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்.

மகளுக்கு ‘மரம்’ என்ற விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள். எள்ளு நெருங்கினால் அவள் மரமாகிவிட வேண்டும்: கால்களைச் சேர்த்து நின்று, கைகளை மார்போடு கட்டி, கூரையைப் பார்க்க வேண்டும். முதலில் நாய் இல்லாமலேயே பழக்குங்கள். ஆனால் கடி வாங்கிக்கொண்டு அசையாமல் நில் என்று 6 வயதுக் குழந்தையிடம் கேட்பது நியாயமல்ல. மரத்திற்கும் குட்டிக்கும் நடுவே பெரியவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

இவையெல்லாம் வேண்டாததை நிறுத்துவதற்கு. அந்த வாய்க்கு வேறு வேலை கொடுக்காவிட்டால் நிறுத்தியது நிலைக்காது. ஒரு மீட்டர் நீளமுள்ள துணிக்கயிற்றின் நுனியில் பொம்மையைக் கட்டித் தரையில் இழுத்து விளையாடுங்கள். கையிலிருந்து பல் தொலைவில் இருக்கும். அதிலேயே “விடு” என்றால் விட வேண்டும், விட்டால் மறுபடியும் கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தைப் பழக்கலாம். ஒரு நுணுக்கம்: பொம்மையைக் கடிப்பதற்கு முன்பே நீட்டுங்கள். கடித்த பிறகு நீட்டினால், காலைக் கடித்தால் பொம்மை வரும் என்றே கணக்குப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இந்த இனத்திற்கு அறிவு உண்டு.

பிறகு உண்மையான பாடம். எள்ளுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அறையின் ஒரு மூலையில் உட்காருங்கள். மறு மூலையில் மகள் மெதுவாக நடக்கட்டும். அவன் அவளைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் கணத்தில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. நகரும் கால் என்பது பாய வேண்டிய பொருள் அல்ல, அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய சைகை என்று அவனுக்குப் பதிய வேண்டும். சில நாள் கழித்து வேக நடை, பிறகு துள்ளல், கடைசியில் ஓட்டம். ஒரு கட்டத்தில் அவன் பாய்ந்தால் அவன்மேல் தவறில்லை, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். முந்தைய கட்டத்திற்குப் போங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும்.

பாட்டிக்கும் இதேதான். அதுவரை கொசுவத்தை இடுப்பில் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவன் விழித்திருக்கும் நேரத்தில் தடுப்புக்கு அப்பால் நடமாடச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எந்தப் பயிற்சியும் ஈடு செய்யாது.

பல் முளைப்பதும் இதில் கலந்திருக்கிறது. குட்டிக்கு 28 பாற்பற்கள். நான்காம் மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, ஏறக்குறைய 7 மாதத்திற்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். நடுவில் ஈறு அரிக்கும். உள்ளே உணவு அடைக்கும் ரப்பர் பொம்மையில் உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை அடைத்து உறைய வைத்துக் கொடுங்கள். என் நாய் அதில் 40 நிமிடம் உட்காரும். ஆனால் பாட்டி பிரியமாக வடையோ பொங்கலோ பாயசமோ நீட்டுவார். வெங்காயமும் உலர் திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த இனத்தில் பிறவிக் கேளாமை உண்டு, ஒரு காதிலோ இரண்டிலுமோ. அவன் அசந்து தூங்கும்போது, காற்றோ அதிர்வோ படாத தூரத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்ப அசைவே இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பு விறைக்க, கண் இமைக்காமல், உணவுத் தட்டின் மேல் நின்று உறுமினாலும் அது வேறு விஷயம். அதற்கு இணையத்தில் வழி தேடாமல் நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தால் குட்டிகளுக்கான பயிற்சி வகுப்பில் இப்போதே சேர்த்துவிடலாம். முழுத் தவணையும் முடியட்டும் என்று காத்திருந்தால் அவன் பழகிக்கொள்ளும் பருவம் கடந்துவிடும்.


பழைய வீட்டுக்காரர் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் நாளிதழைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு தட்டுவோம். இரண்டே நாளில் குட்டி அடங்கிவிடும். நாய் நாயாக இருக்க வேண்டும், வீட்டில் யார் பெரியவர் என்று அதற்குத் தெரிய வேண்டும்.


டப்போ மாட்டுக்காரன் எழுதியது:

ஐயா, நாட்டு நாய்க்குட்டியிடம் அது எடுபட்டிருக்கலாம். அறுநூறு கிலோ காளையின் உதையை வாங்கி உருண்டு, எழுந்து, அதே காலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் இது. நாளிதழ் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மாடு முரண்டு பிடிக்கிறது, இன்னும் அழுத்த வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நான் இங்கே வந்த முதல் ஆண்டில் அப்படி அடித்துப் பார்த்தவன்தான். அந்த நாய் கடிப்பதை விடவில்லை; என் கையை உயர்த்தினாலே கையைக் கடிக்கப் பழகிக்கொண்டது.


மெல்பர்ன் செவிலி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, எல்லா வகை நாய்ப்பயிற்சிக்கும் வெகுமதி சார்ந்த முறைகளையே பரிந்துரைக்கிறது. அடி, வாயை இறுக்கிப் பிடித்தல், மல்லாக்கப் புரட்டி அழுத்துதல் போன்றவை பயத்தையும் எதிர்த்துக் கடிக்கும் பழக்கத்தையும் வளர்க்கும் என்பதே அதற்குக் காரணம். 6 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை நான் இரட்டிப்பாக வற்புறுத்துவேன், ஏனென்றால் பெரியவர் செய்வதை அவளும் செய்து பார்ப்பாள், அவளுடைய முகம் அவனுடைய வாய்க்கு நேராக இருக்கிறது.


கோவைக் கோலி எழுதியது:

கோயம்புத்தூரில் பார்டர் கோலி வளர்க்கிறேன். அதன் குணம் சற்று வேறு: ஆட்டைக் கண்ணால் கட்டி நிறுத்தும் இனம் என்பதால் வெறித்துப் பார்ப்பதும் பதுங்குவதும் மிகுதி, பல் வைப்பது குறைவு. ஆனால் தெருவில் போகும் இருசக்கர வாகனங்களை ‘மேய்க்க’ப் புறப்பட்டுவிடுவான், ‘பார்த்தால் அப்பாவிடம் திரும்பு’ பாடம்தான் எங்களைக் காப்பாற்றியது.

இந்த இழையைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலிய நாய்களிடையே வெறிநாய்க்கடி நோய் இல்லை. நம் ஊரில் உண்டு. சொந்தக் குட்டியின் விளையாட்டுக் கடிதானே என்று விட்டுவிடாதீர்கள். தோலில் கீறலோ பல் தடமோ விழுந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி வேறோர் ஊசியும் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது கூடவே கூடாது. குட்டிக்கு 3 மாதம் நிறைந்தவுடன் அதற்கும் தடுப்பூசி போட்டு, சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.


எள்ளுவின் அப்பா எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நாளிதழ் சொன்ன ஐயாவுக்கும்தான், ஏனென்றால் அதே யோசனையை என் மாமனாரும் தொலைபேசியில் சொன்னபோது மாட்டுக்கார அண்ணனின் காளைக் கதையை எடுத்துச் சொல்லிச் சமாளித்தேன்.

முதலில் பலன் தெரிந்தது தூக்கத்தில். துணி துவைக்கும் அறையில் கூண்டை வைத்து, பழைய போர்வையால் மூடி, வேளை தவறாமல் படுக்க வைத்தோம். முதல் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். இரவு 7 மணிக் கூத்து முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் இரண்டு மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

பல் பட்டால் வெளியேறும் முறை நீங்கள் எச்சரித்தபடியே நான்காம் நாளில் எங்களைச் சோதித்தது. அன்று மாலை நான் பதினான்கு முறை தடுப்பைத் தாண்டினேன், எண்ணிக்கொண்டே தாண்டினேன். பதினைந்தாம் முறை என் கணுக்கால்வரை வந்தவன், வாயைத் திறந்து, ஒரு கணம் யோசித்து, மூக்கால் மட்டும் தொட்டுவிட்டு உட்கார்ந்தான். மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

மகள் மரமாவதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். பள்ளித் தோழிகள் வந்தால் அவர்களையும் வாசலிலேயே நிறுத்தி மரமாக்கிய பிறகுதான் உள்ளே விடுகிறாள். அம்மாவின் கதைதான் எதிர்பாராதது. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எவர்சில்வர் கிண்ணத்தில் கோழித்துண்டுகளோடு தடுப்புக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எள்ளு, உக்காரு” என்று அவரே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். இப்போது சேலை அசைந்தால் அவன் கரையைப் பார்ப்பதில்லை, கிண்ணத்தைப் பார்க்கிறான். எங்களிடம் ஆங்கிலத்தில் உட்காருகிறவன் அவரிடம் தமிழில்தான் உட்காருகிறான். காதுக்குக் குறையில்லை என்பது சாவிக்கொத்தைக் குலுக்கிய அன்றே தெரிந்துவிட்டது; எகிறிக் குதித்தான். சென்ற வாரம் கம்பளத்தில் அரிசி போல ஒரு பாற்பல் கிடந்தது. மகள் அதைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

மீதமிருப்பது ஒன்று. வீட்டுக்குள் ஓடினாலும் இப்போது பெரும்பாலும் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் வெளியே மகள் காலால் உந்தி ஓட்டும் தன் ஸ்கூட்டரை எடுத்தால் எல்லாம் மறந்துபோகிறது. சக்கரத்தின் பக்கமாகப் பாய்கிறான். பூங்காவில் மற்றக் குழந்தைகளின் ஸ்கூட்டரும் அப்படியே. நாய்களை அவிழ்த்துவிட அனுமதிக்கும் பூங்காவுக்கு அழைத்துப் போகலாமா?


டப்போ மாட்டுக்காரன் எழுதியது:

இப்போது வேண்டாம் தம்பி. நம் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 1998ஆம் ஆண்டின் வளர்ப்பு விலங்குச் சட்டப்படி, நாய் ஒருவரைக் கடிக்க வேண்டியதுகூட இல்லை; துரத்தினாலே, காயம் எதுவும் ஏற்படாவிட்டாலும், உரிமையாளர் குற்றவாளி. கால்நடையை மேய்க்கும் வேலையில் இருக்கும் நாய்க்கு விலக்கு உண்டு. ஸ்கூட்டரை மேய்ப்பதற்கு இல்லை.

சக்கரம் என்பது காலைவிடப் பெரிய கூலி, ஆகையால் முதலிலிருந்து தொடங்குங்கள். ஸ்கூட்டரை நிறுத்திவைத்து அதன் பக்கத்தில் சோறு போடுங்கள். பிறகு ஆள் ஏறாமல் மகள் கையால் தள்ளிக்கொண்டு நடக்கட்டும், நீங்கள் இருபது மீட்டர் தள்ளி அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவன் உங்களைத் திரும்பிப் பார்க்காத தூரம் எதுவோ, அதிலிருந்து ஐந்து மீட்டர் பின்னால் போய் அன்றைய பாடத்தை முடித்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்கிவிடுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம், மார்புப்பட்டையில் மாட்டுங்கள்; அவன் முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடியும்போது கழுத்தில் விழும் வெட்டு இலேசானதல்ல. நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.